குடித்தனக்காரரைக் காலி செய்ய வைப்பது எப்படி? வேலூர் வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் நீதிமன்ற வளாகத்துக்கு அருகில் ஒரு தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். வாடகை ஒப்பந்தம், பிரமாணப் பத்திரம், மனு, ஜெராக்ஸ் எல்லாம் இங்கே நடக்கும். ஒப்பந்தம் அடிக்க வருபவர்கள் சிரித்த முகத்தோடு வருவார்கள். அவர்களில் சிலர் இரண்டு வருடம் கழித்து அதே ஒப்பந்தத்தைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு, காலி செய்ய மறுக்கிறார் என்று புலம்பியபடி வருவார்கள். ஒரே சந்தேகத்தை நாளுக்கு நான்கு பேர் கேட்பதால் எழுதி வைத்தேன். நான் வழக்கறிஞர் இல்லை. வழக்கு என்று ஆகிவிட்டால் அவரிடம்தான் போக வேண்டும். அவரிடம் போகும்முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதுதான் இது.

வீடு என்னுடையது, வரி நான் கட்டுகிறேன். காலி செய்யச் சொல்லக்கூட எனக்கு உரிமை இல்லையா அக்கா?

சொல்ல உரிமை உண்டு. வெளியேற்ற உரிமை இல்லை. குடித்தனக்காரர் தாமாகச் சாவியைக் கொடுத்தால் சரி. கொடுக்கவில்லையென்றால் அவரை வெளியே அனுப்பும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டும்தான். வீட்டின் பத்திரம் உங்கள் பீரோவில் இருக்கலாம். ஆனால் சாவியைக் கொடுத்த நாளிலிருந்து வீட்டின் அனுபவம் அவருடையது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் இங்கே வருகிற பாதிப் பேருக்குச் சிக்கல்.

பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தானே? அதில் எல்லாமே குடித்தனக்காரர் பக்கம்தானே?

அந்த 1960ஆம் ஆண்டுச் சட்டம் போய்விட்டது. இப்போது இருப்பது நில உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22 அன்று. நியாய வாடகை இவ்வளவு என்று அதிகாரி நிர்ணயித்த காலம் முடிந்தது. இன்று இருவரும் எழுதிக்கொண்ட தொகைதான் வாடகை.

இதனால் வீட்டுக்காரர் கை ஓங்கிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஓங்கியிருப்பது காகிதத்தின் கை. எழுதி, பதிவு செய்து வைத்தவருக்கு இந்தச் சட்டம் நல்ல நண்பன். வாய்ப் பேச்சில் விட்டவருக்கு அப்படியில்லை.

எங்கள் வீடு ஊராட்சியில் இருக்கிறது. எங்களுக்கும் இதே சட்டமா?

இது நகர்ப்புறத்துக்கான சட்டம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்றால் இது பொருந்தும். கிராம ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் வீடு என்றால் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். மாத வாடகைக்கு அந்தச் சட்டம் கேட்பது பதினைந்து நாள் நோட்டீஸ். அரசுக் கட்டடம், கோயில் இடம், வக்பு இடம் ஆகியவற்றுக்குத் தனி வழிகள் இருக்கின்றன. அவற்றை இங்கே கலக்கவில்லை.

தெரிந்த குடும்பம் என்று வாய்ப் பேச்சில் விட்டுவிட்டேன். காகிதமே இல்லை. இப்போது என்ன செய்வது?

சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் வீட்டை வாடகைக்கு விடவே கூடாது. முன்பே விட்டிருந்தாலும் எழுதிக்கொள்ளச் சொல்கிறது சட்டம். ஆகவே முதல் வேலை, ஒப்பந்தம் போடலாம் வாருங்கள் என்று அவரை எழுத்தில் அழைப்பது. அந்தக் கடிதத்தின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் வர மறுத்தால், ஒப்பந்தம் போடத் தவறியதே வீட்டைத் திரும்பக் கேட்பதற்குச் சட்டம் ஒப்புக்கொள்ளும் ஒரு காரணம். காகிதம் இல்லாததால் வழியே இல்லை என்று அழுதுகொண்டு வந்த ஒரு பெரியம்மா, இதைக் கேட்டதும் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து முழுச் சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார். ஆனால் ‘வாடகை பாக்கி’ ‘உள்வாடகை’ போன்ற வேறு காரணங்களைச் சொல்லிப் போனால், ஒப்பந்தமும் பதிவும் எங்கே என்பதைத்தான் எதிர்த்தரப்பு முதலில் பிடிக்கும்.

பதினோரு மாதம் போட்டால் பதிவு தேவையில்லை என்று எல்லோரும் சொல்கிறார்களே?

அது பதிவுச் சட்டத்தை ஒட்டி வந்த பழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால் நம் ஆட்கள் பதினொன்றில் நிறுத்திக்கொண்டார்கள். புதிய சட்டம் கேட்பது வேறு பதிவு. எத்தனை மாத ஒப்பந்தமானாலும் அதை வாடகை ஆணையத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும். வாடகை ஆணையர் என்பவர் துணை ஆட்சியர் நிலையில் உள்ள வருவாய்த் துறை அதிகாரி. இதற்கென அரசின் இணையதளம் இருக்கிறது, வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தம் எழுதிய கையோடு செய்துவிடுங்கள்.

பத்து ஒப்பந்தம் அடித்தால் எட்டுப் பேர், பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். வழக்கென்று வரும்போது அந்த எட்டுப் பேரில் ஒருவர்தான் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பார்.

மூன்று மாதமாக வாடகை இல்லை. நாளைக்கே பூட்டு போட்டுவிடலாமா?

கூடாது. இரண்டு மாத வாடகை பாக்கி என்றாலே வெளியேற்றக் கேட்கலாம். அதற்கு முன் பாக்கியைக் கேட்டு நோட்டீஸ் கொடுத்து, அது கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதம் பொறுக்க வேண்டும். பாக்கி எந்தெந்த மாதத்துக்கு, எவ்வளவு, வட்டி பேசியிருந்தால் அது எவ்வளவு என்று நோட்டீஸில் தெளிவாக இருக்கட்டும். ‘நிறைய பாக்கி வைத்திருக்கிறீர்கள்’ என்று மொட்டையாக எழுதி வந்தவர்களைத் திருப்பி அனுப்பிக் கணக்கு எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. வழக்குப் போட்ட பிறகும், நீதிமன்ற அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியையும் வட்டியோடு கட்டிவிட்டால் அவர் தப்பித்துக்கொள்ளலாம். அதே வித்தையைத் திரும்பத் திரும்பக் காட்ட முடியாது. உங்களுக்கு வேண்டியது பணமா, வீடா என்பதை நோட்டீஸுக்கு முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

பூட்டவெல்லாம் இல்லை. தண்ணீர் மோட்டாரை மட்டும் போடாமல் விட்டால் தானாகப் போய்விட மாட்டாரா?

இதை நானே செய்திருக்கிறேன். எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் இருந்தவர் நான்கு மாதம் வாடகை தரவில்லை. ஒரு மே மாதத்தில் மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். இரண்டாம் நாள் அவருடைய மகள், ஏழு வயதிருக்கும், ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு கீழே வந்து என் வாசலில் நின்றது. ஒன்றும் கேட்கவில்லை, நின்றது. நான் போய்ச் சுவிட்சைப் போட்டேன்.

மனச்சாட்சியை விடுங்கள், சட்டமும் இதையே சொல்கிறது. குடிநீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, கழிவறை போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் குடித்தனக்காரர் வாடகை ஆணையரிடம் மனு கொடுத்து உடனே திரும்பப் பெறலாம், நீங்கள் இழப்பீடும் கட்ட நேரலாம். நான்கு மாத பாக்கிக்காக நியாயம் கேட்கப் போன நான், மனு யார் முதலில் கொடுக்கிறார் என்பதில் குற்றவாளியாகி நின்றிருப்பேன்.

ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொன்னால் காலி செய்ய வைத்துவிடுவார்களாமே?

வாடகைத் தகராறு உரிமையியல் விவகாரம். யார் வீட்டில் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் காவல் நிலையத்துக்குக் கிடையாது. அடிதடி, மிரட்டல், திருட்டு என்றால் புகார் கொடுங்கள். நீதிமன்றம் வெளியேற்ற உத்தரவு கொடுத்து, அதை நிறைவேற்றும்போது காவல் துறை பாதுகாப்புக்கு வரும். வரிசை அப்படித்தான்.

ஆள் வைத்துச் சாமான்களை வீதியில் போட்டவர்களும் உண்டு. சட்டமுறைப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால் மீண்டும் குடியேற்றம் கேட்கலாம் என்கிறது 1963ஆம் ஆண்டுக் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. அந்த வழக்கில் வீடு யாருடையது என்ற கேள்வியே எழாது.

நோட்டீஸை வாங்க மாட்டேன் என்கிறார். தபால்காரர் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

அந்த உறையைப் பிரிக்காதீர்கள்! தபால்காரர் பேனாவால் ‘பெற மறுத்தார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பாரே, அந்த எழுத்துதான் உங்கள் சாட்சி. சரியான முகவரிக்கு முறையாக அனுப்பிய தபாலை மறுத்தால், கிடைத்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். உள்ளே என்ன எழுதினோம் என்று பார்க்கும் ஆசையில் கிழித்து எடுத்து வந்தவர்கள் உண்டு.

தபாலோடு நிற்க வேண்டியதும் இல்லை. நேரில் கொடுக்கலாம், வீட்டில் இருக்கும் குடும்பத்தாரிடம் கொடுக்கலாம், அதுவும் முடியாவிட்டால் வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். ஒட்டினால் இரண்டு சாட்சிகளும் ஒரு புகைப்படமும் இருக்கட்டும்.

நோட்டீஸ் கொடுத்த மறுநாளே ஜிபேயில் வாடகை போட்டுவிட்டார். வாங்கினால் நோட்டீஸ் செத்துவிடுமா?

நுணுக்கமான கேள்வி. நோட்டீஸ் காலம் முடிந்த பிறகு வரும் வாடகையை வாயை மூடிக்கொண்டு வாங்கினால், நோட்டீஸைக் கைவிட்டுவிட்டீர்கள் என்று வாதாட இடம் கொடுக்கிறீர்கள். பணம் வந்த அன்றே, இந்தத் தொகையை வீட்டைப் பயன்படுத்துவதற்கான ஈடாக மட்டும் ஏற்கிறேன், நோட்டீஸ் அப்படியே நிற்கிறது என்று எழுதி அனுப்பிவிடுங்கள். கடிதம் நல்லது, வாட்ஸ்அப் செய்தியாவது இருக்கட்டும்.

வாங்கவே மாட்டேன் என்று முறுக்கிக்கொள்வது இன்னும் மோசம். நீங்கள் மறுத்தால் அவர் வாடகை ஆணையரிடம் செலுத்திவிடலாம். அப்புறம் பாக்கி என்ற பேச்சுக்கே இடமில்லை.

மகனுக்குக் கல்யாணம், மாடி வேண்டும். சொந்தத் தேவை என்றால் உடனே கிடைக்குமா?

ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டம் பட்டியலிட்ட காரணங்கள் இல்லாமல் யாரையும் கிளப்ப முடியாது. ஆகவே நேரான வழி, காலம் முடியும்போது புதுப்பிக்காமல் இருப்பது. இரண்டு மூன்று மாதம் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். காலம் முடிந்தும் அவர் இருந்து, நீங்களும் பேசாமல் இருந்தால், பழைய நிபந்தனைகளோடு மாதாமாதம் என்ற கணக்கில் அதிகபட்சம் ஆறு மாதம் நீண்டுவிடும். அதையும் தாண்டித் தங்குபவரிடம் கூடுதல் விகிதத்தில் வாடகை கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

ஒப்பந்தம் எழுதும்போதே, இருவரில் யார் விரும்பினாலும் இத்தனை மாத அறிவிப்பில் முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வேன். அந்த ஒரு வரிக்காகப் பின்னால் எனக்கு நன்றி சொன்னவர்கள் அதிகம்.

‘ஆடி மாதம் யார் வீடு மாறுவார்கள்?’ என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

சட்டத்துக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆடியில் பால் காய்ச்சப் புது வீட்டுக்காரரும் இடம் தர மாட்டார். ஆகவே ஒப்பந்தம் எழுதும்போதே அது ஆனி முடிவிலோ ஆவணியிலோ முடியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பரீட்சையும் அப்படித்தான். ஒரு மாதம் விட்டுக்கொடுப்பதாக இருந்தால், இன்ன தேதியில் காலி செய்கிறேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுங்கள்.

பன்னிரண்டு வருடம் குடியிருந்தால் வீடு அவருக்கே சொந்தமாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. அந்தப் பன்னிரண்டு வருடக் கணக்கு, உரிமையாளரை எதிர்த்து, அவர் உரிமையை மறுத்து அனுபவிப்பவருக்கானது. குடித்தனக்காரர் உங்கள் அனுமதியில் இருப்பவர். உங்களிடம் வாடகைக்கு வந்தவர் பின்னால் திரும்பி, நீ உரிமையாளரே இல்லை என்று சொல்லவும் சாட்சியச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. முப்பது வருடம் இருந்தாலும் வாடகை வாடகைதான். வாடகை வாங்கியதற்கு ரசீதும் கணக்கும் மட்டும் விடாமல் வைத்திருங்கள்.

பாக்கியை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்கிறார். கழிக்க வேண்டுமா?

ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் ஒழிய நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. நம் ஊரில் பத்து மாத அட்வான்ஸ் சர்வசாதாரணம். அதனால்தான் இந்தப் பேச்சே வருகிறது. சட்டமோ வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. பெரிய அட்வான்ஸ் வாங்குவது பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். காலி செய்யும் நாளில் அதைத் திருப்பிக் கொடுக்கக் கையில் பணம் இல்லாமல், அவர் மேலும் நான்கு மாதம் உட்கார்ந்த கதை எனக்குத் தெரியும்.

சி.எம்.சி.க்கு வந்த வடநாட்டுக் குடும்பத்துக்கு அறை விட்டேன். சிகிச்சை முடிந்தும் போகவில்லை. இவரும் குடித்தனக்காரரா?

எப்படி விட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. தோட்டப்பாளையம், சைதாப்பேட்டைப் பக்கம் தினக் கணக்கில் அறை விடுபவர்கள் ஏராளம். லாட்ஜ், விடுதி போன்றவற்றுக்கு இந்தச் சட்டம் இல்லை. ஆனால் தனி சமையலறை, தனிச் சாவி, மாத வாடகை என்று விட்டிருந்தால், வாயால் ‘ரூம்’ என்று சொன்னாலும் அது வீட்டு வாடகையாகவே பார்க்கப்படலாம். எந்தக் கணக்கில் விடுகிறீர்கள் என்பதை முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டவர் என்றால், உதாரணமாக வங்கதேசத்திலிருந்து வந்தவர்கள், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அவர்கள் தங்கும் விவரத்தைப் பதிய வேண்டிய பொறுப்பு இடம் கொடுத்தவருடையது. இதை விட்டுவிட்டால் காலி செய்யக் கேட்டு நீங்கள் எங்கும் போக முடியாது, முதலில் உங்களைத்தான் கேட்பார்கள்.

காட்பாடியில் மூன்று மாணவர்களுக்கு விட்டேன். இப்போது ஏழு பேர் இருக்கிறார்கள்.

எழுத்தில் உங்கள் சம்மதம் இல்லாமல் வீட்டையோ அதில் ஒரு பகுதியையோ வேறொருவருக்குக் கைமாற்றினால், அது ஒப்பந்தக் காலத்தின் நடுவிலேயே வெளியேற்றக் கேட்கக்கூடிய காரணம். ஆனால் ‘உறவுக்காரப் பையன், பரீட்சைக்கு வந்திருக்கிறான்’ என்பார்கள். விருந்தாளி யார், உள்வாடகை யார் என்று நிரூபிப்பது உங்கள் பாடு. ஆகவே எத்தனை பேர், யார் யார் என்று பெயரோடு ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எண்ணிப் பார்க்கலாம் என்று திடீரென்று இரவில் போய்க் கதவைத் தட்டாதீர்கள். உள்ளே போக இருபத்து நான்கு மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும்.

போக்கியத்துக்கு விட்டேன். மூன்று வருடம் முடிந்தது, ‘பணத்தைக் கொடு, போகிறேன்’ என்கிறார்.

அவர் கேட்பது நியாயம். லட்சக்கணக்கில் மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு வாடகை இல்லாமல் விடுவதை நாம் ‘லீஸ்’ என்கிறோம். பலவற்றில் சட்டத்தின் பார்வையில் அது அனுபவ அடமானம். அங்கே நீங்கள் வீட்டுக்காரர் மட்டுமல்ல, கடன்காரரும்கூட. பணத்தைத் திருப்பாமல் ஆளை நகர்த்த முடியாது. இந்தப் பக்கத்தில் மேலே சொன்ன நோட்டீஸ் வழிகளை இதற்குப் பொருத்தாதீர்கள். பத்திரத்தோடு நேராக வழக்கறிஞரிடம் போங்கள்.

குடித்தனக்காரர் இறந்துவிட்டார். மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒப்பந்தம் அவர் பெயரில்தானே?

அவரோடு ஒப்பந்தம் செத்துவிடாது. மிச்சக் காலத்துக்கு வாரிசுகள் அதே நிபந்தனைகளோடு தொடரலாம். வீட்டை விற்றாலும் இதே கதைதான். வாங்கியவர் உங்கள் இடத்துக்கு வருவார், குடித்தனக்காரர் அங்கேயே இருப்பார்.

பூட்டிவிட்டு எங்கோ போய்விட்டார். ஆறு மாதமாக ஆளும் இல்லை, வாடகையும் இல்லை.

எரிச்சல் புரிகிறது. பூட்டை மட்டும் உடைக்காதீர்கள். உடைத்த மறுநாள் வந்து, பீரோவில் பத்து சவரன் இருந்தது என்பார். இல்லை என்று நீங்கள் எப்படி நிரூபிப்பீர்கள்? பாக்கிக்கான நோட்டீஸை மேலே சொன்னபடி தபாலிலும் கதவிலும் கொடுத்து, வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட்டு, உத்தரவோடு திறப்பதுதான் பாதுகாப்பு.

மனு எங்கே போடுவது? எத்தனை வருடம் இழுக்கும்?

ஒப்பந்தப் பதிவு, வாடகை செலுத்துதல், அத்தியாவசிய வசதி நிறுத்தம் ஆகியவை வாடகை ஆணையரிடம். வெளியேற்றம் வாடகை நீதிமன்றத்தில். அதற்கு மேல் முறையீடு வாடகைத் தீர்ப்பாயத்தில். சாதாரண உரிமையியல் வழக்கைவிட வேகமாக முடிக்கச் சட்டம் சொல்கிறது. காகிதங்கள் முழுதாக இருப்பவர்களின் மனுக்கள் வேகமாக நகர்வதை நான் பார்த்திருக்கிறேன். மற்றவை வாய்தாவுக்கு வாய்தா நகரும்.

ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார், ஞாயிற்றுக்கிழமை காலி செய்கிறார். நான் என்ன வாங்கிக்கொள்ள வேண்டும்?

சாவியை வாங்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒரு தாளில் எழுதுங்கள்: இன்ன தேதியில் வீட்டைக் காலியாக ஒப்படைத்தேன், அட்வான்ஸில் இவ்வளவு கழிக்கப்பட்டது, மீதி இவ்வளவு பெற்றுக்கொண்டேன். கீழே இருவர் கையெழுத்தும் ஒரு சாட்சியும். மின் மீட்டரை அன்றைய எண் தெரியும்படி புகைப்படம் எடுங்கள், பிறகு வரும் மின் கட்டணத்துக்கு அவரைத் தேடி அலைய வேண்டாம். காஸ் இணைப்பு, ரேஷன் அட்டை, ஆதார் ஆகியவற்றில் உங்கள் முகவரி இருந்தால் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். எத்தனை சாவிகள் கொடுத்தீர்களோ அத்தனையும் எண்ணி வாங்குங்கள். மொட்டைமாடிக் கதவுச் சாவியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.